விண்வெளியில் என் மருமகள், மூப்பர் வீட்டில் அறுந்த சங்கிலி

எங்கள் சபையின் ஜெபச் சங்கிலியை அறுத்தவர், அதே சபையின் மூப்பர் தேவசகாயம். தவறிப்போய் அறுந்ததல்ல. தெரிந்தே அறுத்தார். பூமிக்கு மேலே, மூச்சுக்காற்று கசிகிற ஒரு கலத்துக்குள் என் மருமகள் உட்கார்ந்திருந்த நேரத்தில் அறுத்தார்.

சபை இதழில் சாட்சி எழுதுகிறவர்கள் ஸ்தோத்திரத்தோடு ஆரம்பிப்பார்கள். அது எனக்கும் தெரியும். நானும் ஸ்தோத்திரம் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். கர்த்தருக்குப் பாதிப் பொய்யைக் காணிக்கையாகக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ரெபேக்கா. பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் பெண்கள் விடுதி மெஸ்ஸில் சமையல் வேலை செய்கிறேன். அதற்கு முன்னால் மில்லில் இருந்தேன். மில்லை மூடினார்கள், கரண்டியைப் பிடித்தேன். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் சாமுவேல். அதே கல்லூரியில்தான் படித்தான்.

மருமகள் பெயர் கோகிலா. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். எங்கள் விடுதியில் தங்கிப் படித்தவள். என் மகனைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என்னைப் பார்த்தவள். சாம்பாரில் உப்பே இல்லை என்று சண்டை போடத் தட்டோடு சமையற்கட்டுக்குள் வந்தவள். அவர்கள் யார், நாங்கள் யார் என்று கொங்கு நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் மாமனார் அந்த மாதிரித் தோப்புகளில் கூலிக்குத் தேங்காய் உரித்தவர். கல்யாணத்துக்கு அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. எனக்கு மகளே பிறக்கவில்லை என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார். அம்மாவையும் பேசவிடவில்லை.

கோகிலா ஞானஸ்நானம் எடுக்கவில்லை. எடு என்று நானும் கேட்டதில்லை. ஊருக்கு வந்தால் பொட்டு வைத்துக்கொண்டு என்னோடு ஆலயத்துக்கு வருவாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் பாடுவாள். என்னைவிட நன்றாகப் பாடுவாள்.

இரண்டு பேரும் வெளிநாடு போனார்கள். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினார்கள். அவள் அங்கே ஆராய்ச்சியில் இருந்தாள். பிறகு ஏதோ பயிற்சி என்றாள், எதற்கென்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் ஃபோனில் சொன்னாள்.

"அத்தை, நான் ஆறு மாசம் மேல போயி இருக்கப்போறேன்."

"மேலன்னா எங்க கண்ணு? வடக்கயா?"

"மேலதான் அத்தை. ஆகாசத்துல. பூமியச் சுத்திக்கிட்டே ஒரு ஸ்டேசன் இருக்குது. அங்க தங்கி வேலை பாக்கோணும்."

"அங்க சோத்துக்கு என்ன பண்ணுவ?"

"பாக்கெட்டுத்தான். உங்க சாம்பாரே பரவால்லைன்னு தோணப்போகுது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. நான் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே வாழ்கிறவள். ஒரு சிலிண்டரின் வாய் கசிந்தாலே மெஸ்ஸை விட்டு எல்லாரையும் வெளியே துரத்துகிறவள். இவளை உட்காரவைத்து அனுப்பும் ராக்கெட் முழுக்க முழுக்க எரிபொருள்தான் என்று சாமுவேல் சொன்னான். அதன் உச்சியில் நாலு பேர். அதில் ஒருத்தி என் மருமகள். அன்றிலிருந்து அடுப்பை ஓரடி தள்ளி நின்றுதான் பற்றவைத்தேன்.

ராக்கெட் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் மூப்பர் தேவசகாயத்திடம் போனேன். விண்ணப்ப ஜெபத்தில் யார் யார் பெயரைச் சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்வார். கோகிலா பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"ரெபேக்காக்கா, அந்தப் புள்ள இன்னும் ஞானஸ்நானம் எடுக்கலீங்களே" என்றார்.

"எடுக்கலீங்க. ஆனா பிரயாணம் போறாளுங்க. தரையில போறவங்க, தண்ணியில போறவங்க, ஆகாயத்துல போறவங்க எல்லாத்துக்காகவும் நாம வாராவாரம் ஜெபிக்கறமுங்களே?"

"அது ஏரோப்பிளேனுக்குங்க."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை. பூமியைத்தான் ஆண்டவர் மனிதனுக்குக் கொடுத்தார், வானத்தைத் தமக்கென்று வைத்துக்கொண்டார், அங்கே ஏணி வைத்து ஏறுகிறவர்களுக்குச் சபை துணை போகக்கூடாது என்று விளக்கம் வேறு கொடுத்தார். வானத்தைத் தொடக் கட்டி ஆண்டவர் கலைத்துப்போட்ட பாபேல் கோபுரம் மாதிரி என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். அன்றைய ஜெபத்தில் காங்கேயத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவர் பெயர்கூட வந்தது. கோகிலா பெயர் வரவில்லை.

நான் சண்டை போடவில்லை. பயம் அவ்வளவு இருந்தது. ஜெபிக்கிற இடத்தில் சண்டை போட்டால் அது அவள் தலையில் விடியுமோ என்று பயந்தேன்.

ராக்கெட் திங்கட்கிழமை சாயங்காலம் கிளம்பியது. சாமுவேல் அங்கே ஏவுகிற இடத்தில் குடும்பத்தாருக்கான அறையில் இருந்தான். நான் வீட்டில் டிவியில் பார்த்தேன். நெருப்பைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வெள்ளைப் புகை மட்டும் இருந்தது. சாமுவேல் ஃபோனில் அழுதுகொண்டே, நல்லாப் போச்சும்மா, நல்லாப் போச்சு என்றான். மறுநாள் மதியத்துக்கு மேல் கலம் நிலையத்தோடு போய்ச் சேரும், கொக்கிகள் மாட்டிக்கொள்ளும், பிறகு நடுவிலிருக்கும் கதவைத் திறந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள் என்று சொன்னான். பயப்படுவதற்கு இனி ஒன்றுமில்லை என்றும் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை மெஸ்ஸில் லீவு சொல்லிவிட்டேன். பதினொரு மணி இருக்கும். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

"ஏனுங்க. ஏனுங்க, ஊட்ல யாருங்க?"

கதவைத் திறந்தேன். கையில் ஒரு துணிப்பையோடு ஒரு அம்மா. நான் அவரை ஃபோட்டோவில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கோகிலாவின் அம்மா, துளசியம்மாள். பன்னிரண்டு வருடமாக எங்கள் வாசல் பக்கம் வராதவர். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"வாங்க" என்றேன்.

"கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன்னு அவியகிட்டச் சொல்லிப்போட்டு பஸ் ஏறி வந்தேனுங்க. பேப்பர்ல படம் வந்துதுங்க. எங்கூட்ல டிவி இருக்குது. போட உடமாட்டாங்க. என்ற புள்ள அங்க போயிச் சேந்துருவாளுங்களா?"

"சேந்துருவா. உள்ள வாங்க, ஏன் வெயில்ல நிக்கறீங்க?"

வந்தார். நாற்காலியைப் போட்டேன், உட்காரவில்லை. டிவிக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். மகள் யாரைக் கொண்டு பிறந்தாள் என்று எனக்கு அப்போது விளங்கியது.

டிவியில் எல்லாம் இங்கிலீஷ். சாமுவேல் வீடியோ காலில் வந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். நிலையத்திலிருந்து எடுக்கிற படம் தெரிந்தது. கறுப்பான வெளியில் வெள்ளையாக ஒரு சின்னக் கலம், கட்டைவிரல் அளவுக்கு. கீழே பூமி நீலமாக நகர்ந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. துளசியம்மாள் கையைக் கூப்பி உட்கார்ந்திருந்தார். நானும் முந்தானையை முக்காடாகத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

கலம் நின்றது.

நின்று, பின்னால் போக ஆரம்பித்தது.

"ஏங்க சாமுவேலு, ஏன் பொறத்தால போகுது?" என்றார் துளசியம்மாள். மருமகனோடு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

சாமுவேல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் யாரோ ஓடினார்கள். பிறகு சொன்னான். கலத்தில் எங்கேயோ காற்று கசிகிறது. கொஞ்சம்தான். நாலு பேரும் விண்வெளி உடையை மூடிக்கொண்டார்கள். உடைக்குள் காற்று இருக்கிறது, ஆனால் ரொம்ப நேரத்துக்கு இல்லை. தூரத்தை அளந்து தானாகவே கலத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவியும் மக்கர் செய்கிறது. அதனால் கலம் தானே பின்வாங்கிவிட்டது.

"பொறகு என்னடா பண்ணுவாங்க?"

"பாக்கறாங்கம்மா. கையால ஓட்டிச் சேக்கலாம். இல்லீன்னா எறங்கோணும். எறங்கறதுக்கு நேரமாகும்." திரும்பி யாரையோ பார்த்தான். "அம்மா, எங்கள வேற ரூமுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. ஃபோன வாங்கிக்கறாங்க. ஜெபம் பண்ணும்மா."

"டேய், அவ உசுரோட இருக்காளாடா?"

"இருக்காம்மா."

கால் துண்டித்தது.

இனி எங்களுக்கு டிவி மட்டும்தான். ஒரு பெண் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தாள். அதுவரைக்கும் சிரித்த முகமாகப் பேசினவள். இப்போது அவள் சிரிக்கவில்லை. அது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. கட்டைவிரல் திரும்பவும் சின்னதாகி, கறுப்புக்குள் ஒரு புள்ளியாக நின்றது.

அந்தப் புள்ளிக்குள் என் மருமகள். வெளியே காற்றே கிடையாது. உள்ளே இருக்கிற காற்றும் போய்க்கொண்டிருக்கிறது. ஓடிப்போய்த் தூக்க முடியாது. தண்ணீர் கொடுக்க முடியாது. கதவைத் தட்ட முடியாது. ஆஸ்பத்திரியில் சாகக்கிடந்த என் கணவருக்குப் பக்கத்திலாவது நான் உட்கார்ந்திருந்தேன். இவளுக்குப் பக்கத்தில் யாரும் போக முடியாது. வெயில் கொளுத்துகிற மதியத்தில் எனக்குக் குளிர் எடுத்தது.

அப்போதுதான் சங்கிலி ஜெபத்தை ஆரம்பித்தேன்.

நம் சபையில் சங்கிலி ஜெபம் எப்படி நடக்கும் என்று நம்மவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவருக்கு ஆபத்து என்றால் அவர் ஜெபித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஃபோன் போட வேண்டும். அந்த வீட்டார் அந்த நிமிடமே முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு அதற்கடுத்த வீட்டுக்குப் போட வேண்டும். இப்படியே போகும். கடைசி வீட்டார் முதலில் ஆரம்பித்தவருக்கே ஃபோன் போட்டு, சங்கிலி முடிந்தது என்று சொல்ல வேண்டும். நடுவில் ஒரு வீட்டைத் தாண்டிப் போகக்கூடாது. முறையை விடவும் கூடாது. பெற்ற தாய் சவமாகக் கிடந்தபோதும் தன் முறையை விடாமல் ஜெபித்துவிட்டு ஃபோன் போட்டவர்கள் நம் சபையில் இருக்கிறார்கள். எனக்கு அடுத்து மரியாள். மரியாளுக்கு அடுத்து மூப்பர் வீடு. மூப்பருக்கு அடுத்து ஜெயா. அப்புறம் மற்றவர்கள்.

மரியாளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பி வரும் ஃபோனுக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

டிவியில் அந்தப் புள்ளி அப்படியே நின்றது. துளசியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். நான் ஃபோனையே பார்த்தேன். இத்தனை பேர் அவளுக்காக முழங்காலில் நிற்கிறார்கள் என்கிற ஒரே தைரியத்தில்தான் நான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன். இந்நேரம் முடிந்திருக்க வேண்டும். மறுபடி மரியாளைக் கூப்பிட்டேன்.

"நான் அப்பவே போட்டுட்டேங்க்கா. மூப்பர்தான் எடுத்தாரு. எல்லாஞ் சொன்னேன். ம்ம்னாரு, வெச்சுட்டாரு."

ஜெயாவைக் கூப்பிட்டேன்.

"எனக்கு ஃபோனே வரலைங்க்கா. ஏனுங்க்கா, என்னாச்சு?"

நடுவில் இருப்பது ஒரே வீடு. மூப்பருக்குப் போட்டேன்.

"கேள்விப்பட்டேங்க அக்கா. வருத்தந்தான். ஆனா போன ஞாயித்துக்கெழமையே நான் சொன்னேன். ஞானஸ்நானம் எடுக்காதவங்க பேர்ல சங்கிலி நடத்தறது சபை ஒழுங்குக்கு ஆகாதுங்க."

"மூப்பருங்க, அவ இருக்கற எடத்துல காத்துத் தீந்துட்டு இருக்குதுங்க. ஒழுங்கப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாமுங்க. ஜெபம் பண்ண வேண்டாம், ஜெயாவுக்கு ஃபோன மட்டுமாச்சும் போடுங்க."

"தேவ சித்தம் எதுவோ அது நடக்கும். நீங்க தைரியமா இருங்க."

நான் ஃபோனை வைத்துவிட்டேன். இருபது வருடமாக அந்த மனிதர் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நான் பந்தியில் நின்று சமைத்துப் போட்டிருக்கிறேன். அதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. அன்றைக்கு அது என் நெஞ்சில் வந்து நின்றது, அவ்வளவுதான்.

எனக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சங்கிலி அறுந்தால் அந்த ஜெபம் மேலே போய்ச் சேராது என்று எங்களுக்குள் ஒரு எண்ணம். அது வேதத்தில் இல்லை. ஆனாலும் எங்களுக்குள் இருக்கிறது. அந்தப் பயத்தில் உட்கார்ந்து அழுதேன்.

துளசியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். யார், என்ன சங்கதி என்று கேட்டார். சொன்னேன். சங்கிலி என்றால் என்ன என்றும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"அப்ப அந்தாளு மொறை சும்மாதான கெடக்குது?"

"ஆமாங்க."

"நான் எடுத்துக்கறேனுங்க."

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எனக்கு உங்க மாதிரி சொல்லத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சாப்ல கும்பிடறேன். பெத்தவ கூப்பிட்டா எந்தச் சாமியும் கேக்கும். அடுத்தது யாரு? அந்தப் பொண்ணு நம்பரப் போட்டு வையுங்க."

அவர் டிவியைப் பார்த்தபடியே இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். உதடு அசைந்தது. ஆத்தா என்ற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது. கண்ணீர் கழுத்துக்கு இறங்கியது, துடைக்கவில்லை. பிறகு ஃபோனுக்காகக் கையை நீட்டினார். ஜெயாவுக்குப் போட்டுக் கொடுத்தேன்.

"ஏனுங்க கண்ணு, நான் கோகிலா அம்மா பேசறேனுங்க. ஒடுமலையிலிருந்து வந்திருக்கறேன். எம்பட மொறை முடிஞ்சுதுங்க. இனி உங்க மொறை. என்ற புள்ளைக்காகக் கேளுங்க கண்ணு."

அந்தப் பக்கம் ஜெயா, சரிங்கம்மா என்று சொல்வது கேட்டது. அவளும் ஃபோனை வைக்காமலேயே சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தாள். துளசியம்மாளுக்கு அந்த வார்த்தைகள் எல்லாம் புதிது. ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும், ஆமாங்க, ஆமாங்க என்றார்.

நான் முழங்காலில் நின்றேன். அலங்காரமாக ஜெபிக்க எனக்கு வராது. இப்படித்தான் கேட்டேன். ஆண்டவரே, நீர் மேலே இருக்கிறீர் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது என் பிள்ளையும் மேலேதான் இருக்கிறாள். நீர் அங்கே இருப்பது மெய் என்றால் அவளைப் பாரும். சபைப் பதிவில் பெயர் இருக்கிறவர்களைத்தான் காப்பாற்றுவீர் என்றால் என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதிக்கொள்ளும். அந்தக் கதவு திறக்க வேண்டும். அவள் அதற்குள் நுழைவதை நானும் அவளைப் பெற்றவளும் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும் ஃபோனும் வந்தது. கடைசி வீட்டு அம்மா, சங்கிலி முடிந்தது என்று சொன்னார். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். நான் பொய் எழுதமாட்டேன். உடனே ஒன்றும் நடக்கவில்லை. புள்ளி அங்கேயே நின்றது. எனக்குப் பயம் கூடியது. கேட்டாயிற்று, இனி கேட்க ஒருவருமில்லை என்ற பயம் அதற்கு முன்னால் இருந்த பயத்தைவிடப் பெரிது.

அப்புறம் கட்டைவிரல் அசைந்தது. மெதுவாக வந்தது. டிவியில் திடீரென்று வேறொரு குரல் கேட்டது. கரகரவென்று, தூரத்திலிருந்து, இங்கிலீஷில் எண்களைச் சொல்லும் ஒரு பெண் குரல்.

"அவ" என்றார் துளசியம்மாள். "அவதானுங்க."

கோகிலாதான். தூரம் காட்டும் திரையை நம்ப முடியாததால் அவள் ஒரு கைக்கருவியை ஜன்னல் வழியாகப் பிடித்து அளந்து சொல்லிக்கொண்டிருந்தாள், கலத்தின் தலைவர் அதைக் கேட்டுக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போது எங்களுக்கு அந்த எண்கள் மட்டும்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, எண்கள் தெரியும். முப்பது என்றாள். இருபத்தைந்து என்றாள். எண் குறைவது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அவர் நகம் என் தோலில் பதிந்தது. பத்து. எட்டு.

குரல் நின்றது.

படமும் நின்றது. திரை நீலமாகிவிட்டது. டிவிப் பெண்ணும் பேசவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ போகிற சத்தம் கேட்டது. உலகத்தில் ஒருவன் ஆட்டோ ஓட்டிக்கொண்டு போகிறானே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இயேசப்பா என்பதைத் தவிர என் வாயில் வேறொன்றும் வரவில்லை. துளசியம்மாள், கோகிலா, கோகிலா என்று திரையைப் பார்த்துக் கூப்பிட்டார். தோப்பில் விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் செத்துப் பிழைத்த நேரம் அது.

படம் வந்தது. கலம் நிலையத்தோடு ஒட்டியிருந்தது. ஒரு பெரிய அறை நிறையப் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் சாமுவேலின் ஃபோன் வந்தது. அவனால் பேச முடியவில்லை. மாட்டிருச்சும்மா, கொக்கி மாட்டிருச்சு என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

கதவு திறக்க இன்னும் நேரமானது. இரண்டு பக்கமும் காற்றைச் சரிபார்க்க வேண்டுமாம். திறக்கும்வரை நாங்கள் இடத்தைவிட்டு எழவில்லை. திறந்தது. முதலில் ஒருவர் வந்தார். அவருக்கு அடுத்து தலை முன்னால் வர, மிதந்துகொண்டு, முடியெல்லாம் நட்டுக்கொண்டு நிற்க, கோகிலா வந்தாள். உள்ளே இருந்த ஒருவர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மூஞ்சி ஏனுங்க இப்பிடி வீங்கிக் கெடக்குது?" என்றார் துளசியம்மாள். "அழுதிருப்பாளோ?"

மேலே போனால் எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும் என்று சாமுவேல் சொன்னான். அவர் நம்பவில்லை. அழுதுதான் இருக்கிறாள் என்றார். அப்புறம் தரையில் தலையை வைத்துக் கும்பிட்டார். நான் அவருக்குப் பக்கத்திலேயே முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். அன்றைக்கு நான் வைத்த தண்ணிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

"சம்பந்தி, கண்ணாஸ்பத்திரியில என்ன சொன்னாங்கன்னு ஊட்ல கேப்பாங்க. என்னங்க சொல்றது?"

"பார்வை நல்லாருக்குதுன்னு சொல்லுங்க."

இப்போது தினமும் மதியம் என்னைக் கூப்பிடுகிறார். நான் என் வழியில் ஜெபிக்கிறேன், அவர் அவர் வழியில் கும்பிடுகிறார். கோகிலா மேலேயிருந்து இரண்டு தடவை பேசினாள். அம்மாவோடும் பேசினாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்தத் தலைவரின் கைத்திறமைதானே காப்பாற்றியது என்று மெஸ்ஸில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள். ஆமாம் கண்ணு, அந்தக் கைதான். நான் கேட்டது அந்தக் கை நடுங்காமல் இருக்கத்தான். இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது. முன்பெல்லாம் நான் சோறு வெந்துகொண்டிருக்கும்போதே வாய்க்குள் ஜெபத்தை முடித்துவிடுவேன். இப்போது அடுப்பை அணைத்துவிட்டு முழங்காலில் நிற்கிறேன். பெயர் தெரியாத பிள்ளைகளுக்காகவும் நிற்கிறேன். உங்களில் யாருக்காவது கை எட்டாத இடத்தில் ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டிருந்தால், கேளுங்கள். தகுதி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நான் பார்க்கவில்லை. கர்த்தரும் பார்க்கவில்லை.

இனி மூப்பருக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒலிபெருக்கி முன்னால் நின்று, நம் சபையின் சங்கிலி ஜெபத்தைக் கேட்டு விண்வெளியில் நம் சகோதரியைக் கர்த்தர் காப்பாற்றினார் என்று அறிவித்தீர்கள். சபை ஆமென் சொன்னது. பத்திரிகைக்காரர் வந்தபோதும் அதையே சொன்னீர்கள். செவ்வாய்க்கிழமை சகோதரியாக இல்லாதவள் ஞாயிற்றுக்கிழமை நம் சகோதரி ஆகிவிட்டாள். உங்கள் வீட்டு முறையை எடுத்துக்கொண்டது உடுமலைப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்த, நம் ஆலயத்துக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காத ஒரு அம்மா. அது உங்களுக்குத் தெரியும். ஜெயா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். போதகரிடம் போனேன். சாட்சியாக எழுதிக் கொடுங்கள், ஒரு வரியும் எடுக்காமல் சபை இதழில் போடுகிறேன் என்றார். எழுதிவிட்டேன்.

கோகிலா இன்னும் இறங்கவில்லை. இறங்குவது ஏறுவதைவிடப் பயம் என்று சாமுவேல் சொல்கிறான். கலம் நெருப்புக்குள் புகுந்து வந்து கடலில் விழ வேண்டுமாம். அன்றைக்கும் சங்கிலி ஓடும். நான் மரியாளைக் கூப்பிடுவேன். மரியாள் உங்களைக் கூப்பிடுவார்.

வருகிற ஞாயிறு, ஆராதனை முடிந்து ஒருவரும் எழுந்து போவதற்கு முன்னால், அதே ஒலிபெருக்கியில் சபை முழுவதும் கேட்க எனக்குப் பதில் சொல்லுங்கள், மூப்பரே. அன்றைக்கு ஏன் ஜெயாவுக்கு ஃபோன் போடவில்லை? அவள் இறங்குகிற நாளில் போடுவீர்களா, மாட்டீர்களா?